எம்ஜிபி காருக்கு அசல் பாகம் தேடுவது எப்படி: எதை முதலில், எதைக் கடைசியில்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய கையோடு இரண்டு மூன்று பெட்டி உதிரிபாகங்களை வரவழைத்துவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்துக் கார் ஓடாது. பெட்டியில் பாதி திரும்பிப் போயிருக்கும், மீதி ஷெல்ஃபில் தூங்கும். பாகம் கிடைக்காமல் திண்டாடுபவர்கள் குறைவு. தன் காருக்கு உரியது எது என்று தெரியாமல் வாங்கித் திண்டாடுபவர்களே அதிகம்.

இந்த வழிகாட்டி எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை வைத்து எழுதப்பட்டது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் என்பதால், கிட்டத்தட்ட எல்லாப் பாகமும் இன்றும் விற்பனையில் உண்டு. சிக்கலும் அங்கேதான். ஒரே பாகத்துக்கு நாலு விலை, நாலு தரம். ட்ரையம்ஃப், ஆஸ்டின் ஹீலி, ஜாகுவார் இ-டைப் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தும். விவரங்கள்தான் மாறும்.

1. கார் எப்போது கட்டப்பட்டது என்று கண்டுபிடியுங்கள்

பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டை நம்பிப் பாகம் வாங்காதீர்கள். அது கார் பதிவான நாள். தொழிற்சாலையில் கட்டிய நாள் பல மாதம் முன்பாக இருக்கலாம். தயாரிப்பு நடுவில் எத்தனையோ மாற்றங்கள் வந்த கார் இது என்பதால் அந்தச் சில மாதமே பாகத்தை மாற்றிவிடும்.

முதலில் சேஸிஸ் நம்பர். ஜிஎச்என்3 என்று தொடங்கினால்: ஜி என்பது எம்ஜி, எச் என்பது எஞ்சின் கொள்ளளவு வகை, என் என்பது இரண்டு இருக்கைத் திறந்த கார், 3 என்பது தொடர் எண். என் இருக்கும் இடத்தில் டி இருந்தால் அது மூடிய ஜிடி. நம்பரில் எல் என்ற எழுத்து இருந்தால் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு வெளிவந்த கார்.

அடுத்து எஞ்சின் நம்பர். பிளாக்கின் வலப்புறம் ரிவெட் அடித்த சிறிய தகட்டில் இருக்கும். 18ஜி, 18ஜிஏ என்றால் கிராங்க் எனும் எஞ்சின் தண்டு மூன்று மெயின் பேரிங்கில் சுழலும். 1964 அக்டோபரில் வந்த 18ஜிபி முதல் ஐந்து பேரிங். எல்லாம் 1798 சிசிதான், ஆனாலும் பேரிங் செட் ஒன்றுக்கொன்று சேராது.

இரண்டு நம்பரும் கையில் வந்ததும், வார்விக்ஷயர் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதி ஹெரிட்டேஜ் சான்றிதழ் வாங்குங்கள். தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து கட்டிய தேதி, முதல் எஞ்சின் நம்பர், நிறம், உள்ளலங்காரம், எந்த நாட்டுக்குப் போனது என்பதெல்லாம் வரும். ஒரு நல்ல ஸ்பேனர் செட் விலைகூட ஆகாது. உங்கள் எஞ்சின் முதல் எஞ்சின்தானா என்பதும் இதில் தெரிந்துவிடும். இல்லை என்றால், எஞ்சின் பாகங்களைக் காரின் ஆண்டை வைத்து அல்லாமல், இப்போது உள்ளே இருக்கும் எஞ்சினின் நம்பரை வைத்துத்தான் தேட வேண்டும்.

வழக்கமான பிழை: கடையில் போய் "1967 எம்ஜிபி" என்று கேட்பது. அந்த ஆண்டு இரண்டு வேறு கார்கள் உண்டு. ஆண்டு இறுதியில் வந்த மார்க் 2-ல் கியர்பாக்ஸ் நாலு கியரிலும் சிங்க்ரோமெஷ் (உரசாமல் கியர் விழும் அமைப்பு), டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்தது) போய் நெகட்டிவ் எர்த். திறந்த காரில் பின் ஆக்ஸிலும் பாஞ்சோ வகையிலிருந்து ட்யூப் வகைக்கு அந்த ஆண்டுதான் மாறியது. ஜிடி காரிலோ 1965-ல் வெளிவந்த நாள் முதலே ட்யூப் ஆக்ஸில். ஆகவே எப்போதும் சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் ஆண்டை மட்டும் கேட்டுவிட்டுப் பாகத்தை நீட்டினால் வேறு கடை பாருங்கள்.

2. வாங்குவதற்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை

தொழிற்சாலை பார்ட்ஸ் லிஸ்ட் முதன்மை. வொர்க்‌ஷாப் மேனுவல் பிரித்துப் பூட்டச் சொல்லித் தரும். பார்ட்ஸ் லிஸ்ட்டோ எந்த சேஸிஸ் நம்பர் வரை எந்தப் பாகம், அதற்குப் பின் எது என்று சொல்லும். இரண்டுக்கும் மறுபதிப்பு கிடைக்கிறது. பழைய பார்ட் நம்பர் பின்னாளில் வேறு நம்பராக மாறியிருக்கலாம், அதனால் இரண்டையும் குறித்து வையுங்கள்.

ஒரு வெர்னியர், ஒரு காந்தம், மரையை அளக்கும் திரெட் கேஜ். காந்தம் எதற்கு என்றால், தொடக்க கால எம்ஜிபியின் பானெட் அலுமினியம், பின்னால் வந்தது இரும்பு. பெயின்ட் அடித்த பிறகு கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கதவிலும் ஃபெண்டரிலும் வைத்துப் பாருங்கள், காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி இருக்கிறது.

திரெட் கேஜ் இல்லாமல் நட்டு போல்ட்டு வாங்கவே கூடாது. எம்ஜிபியின் பெரும்பாலான போல்ட்டுகள் யுஎன்எஃப் (அங்குல அளவில் நெருக்கமான மரை). அதற்காக எல்லாமே யுஎன்எஃப் என்று இருந்துவிடாதீர்கள். லூகாஸ் மின்சாதனம், ஸ்மித்ஸ் மீட்டர் இவற்றின் குட்டித் திருகுகளில் பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் அளவு வரும். போருக்குப் பிந்தைய எம்ஜி டிசி வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் வேடிக்கை: எஞ்சின் போல்ட்டின் மரை மெட்ரிக், அதன் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனருக்கு. கையில் கிடைத்த போல்ட்டை முறுக்கி உள்ளே தள்ளினால் அறுபது வருடம் தாங்கிய மரை ஒரே நிமிடத்தில் போகும்.

3. முதலில் கழற்றுங்கள், பிறகு பட்டியல் போடுங்கள்

காரை முழுக்கப் பிரிக்கும்வரை எதையும் ஆர்டர் செய்யாதீர்கள். வெளியே தெரியும் குறையை வைத்துப் போட்ட பட்டியல் பிரித்த பிறகு நிற்காது.

கழற்றும் ஒவ்வொன்றையும் ஜிப் பையில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி, கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது, வயர் எந்த கிளிப்புக்குள் போனது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் முழுதாக இருக்காது.

பிறகு மூன்று பட்டியல்: அப்படியே சுத்தம் செய்து பூட்டுவது, பழுது பார்ப்பது, வாங்குவது. நல்ல ரீஸ்டோரேஷனில் மூன்றாவது பட்டியல்தான் சின்னது. புதியவர்களிடம் பார்த்தால் எல்லாமே மூன்றாவதில் இருக்கும்.

உளுத்துப்போன பாகத்தையும் வேலை முடியும்வரை குப்பையில் போடாதீர்கள். புதியது சரியா என்று ஒத்துப்பார்க்க அது ஒன்றுதான் உங்களிடம் இருக்கும் அச்சு. துளை எங்கே, மடிப்பு எத்தனை, தகடு எவ்வளவு கனம் என்று பட்டியலில் போட மாட்டார்கள்.

4. தகடுதான் முதல் செலவு

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். முந்தைய எம்ஜிஏ அப்படியல்ல. ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பகுதி அழகுக்கு இருப்பதல்ல, கார் நடுவில் மடியாமல் நிற்பதே அதனால்தான். திறந்த காரில் கூரை இல்லாததால் முழுப் பாரமும் அங்கேதான்.

சில்லை வெட்டிப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாகத் தகடுகள்: வெளிச் சில், நடுவே நெட்டாக நிற்கும் தடுப்புத் தகடு, உள் சில், அடியில் கோட்டை மதில்போல் பல்பல்லாக இருக்கும் காசில் ரெயில். துரு பெரும்பாலும் உள்ளிருந்து வரும். வெளியே விரல் நுழையும் அளவு ஓட்டை தெரிந்தால், நடுத்தகடு அடியில் ஏற்கெனவே காணாமல் போயிருக்கும்.

புதியவர்கள் வெளிச் சில் மட்டும் ஆர்டர் செய்கிறார்கள். வெட்டிய பிறகுதான் மற்றதெல்லாம் தேவை என்று தெரிகிறது. கார் பாதி வெட்டிய நிலையில் கட்டைமேல் கிடக்கும், அடுத்த பார்சலுக்குக் காத்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு முழு செட்டும், முன் பின் ஃபெண்டர்களின் கீழ்ப்பகுதித் தகடும் சேர்த்தே வாங்குங்கள். வெளிச் சில்லின் இரு முனையும் ஃபெண்டருக்குள் மறைந்திருப்பதால், அந்தக் கீழ்ப்பகுதியைத் தொடாமல் முறையாக மாற்றவே முடியாது. பழைய சில்லின் மேல் ஒட்டவைக்கும் மூடிச் சில் என்று ஒன்று விற்கிறது. துருவுக்குப் போர்வை போர்த்துவது அது, வாங்க வேண்டாம்.

செட் முழுவதும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருக்கட்டும். ஒருவர் அடித்த உள் சில்லும் இன்னொருவர் அடித்த வெளிச் சில்லும் விளிம்பில் சில மில்லிமீட்டர் விலகும். அந்த விலகல் கடைசியில் கதவு இடைவெளியில் வந்து நிற்கும்.

எம்ஜிபி தகடுகளைப் பழைய தொழிற்சாலை அச்சுகளிலேயே அடிப்பது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ். 1988-லிருந்து முழு பாடி ஷெல்லும் தருகிறார்கள். சில், தரை, உள் ஃபெண்டர், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாமே போயிருந்தால் தகடு தகடாக வாங்குவதைவிட ஷெல்லே லாபம். வெல்டிங் கூலியையும் கூட்டிப் பாருங்கள். ஷெல் மாற்றினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பதிவு எண்ணைத் தக்கவைக்க அது வேண்டும்.

எந்தத் தகட்டையும் பெயின்ட் அடிக்கும் முன், கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் மாட்டி இடைவெளி பார்த்துவிடுங்கள். பிரைமர் பட்ட தகட்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

5. மின்சாதனம், கார்புரேட்டர்: கையில் இருப்பதைக் கைவிடாதீர்கள்

பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துக்கொள்வோம். வெளியே எண்ணெய்ப் பிசுக்காக, கறுப்பாக ஒரு கட்டி. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பக்கவாட்டை அழுத்தித் துடையுங்கள். 25டி4 என்ற வகைப் பெயரும், அதன்கீழ் 40897 போன்ற ஐந்திலக்க எண்ணும், பக்கத்திலேயே வாரமும் ஆண்டும் பொறித்த சிறு எண்களும் மேலே வரும். ஐந்திலக்க எண்தான் எந்த எஞ்சினுக்கான அட்வான்ஸ் (பொறி எவ்வளவு முன்கூட்டி விழ வேண்டும் என்பது) என்பதைச் சொல்கிறது. தேதி உங்கள் கார் கட்டிய நாளுக்குச் சற்று முன்பாக இருந்தால், அது காரோடு வந்த சாமான். புஷ் மாற்றி ஸ்பிரிங் சரிபார்த்தால் இன்னொரு தலைமுறை ஓடும். இதைத் தூக்கிப்போட்டு, எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் என்று விற்கும் ஒன்றை மாட்டினால் அட்வான்ஸ் தவறிப்போகும். கார் இழுக்காது, காரணமும் பிடிபடாது.

உள்ளே போகும் ரோட்டார், கண்டென்சர் விஷயத்தில் மலிவானதைத் தொடாதீர்கள். சில போலி ரோட்டார்களில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் அடியில் உள்ள தண்டுக்கு மிக அருகில் வந்துவிடும். பொறி பிளக்குக்குப் போகாமல் தண்டுக்குத் தாவும், நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டாராகப் பார்த்து வாங்குங்கள்.

எம்ஜிபியில் வரும் எஸ்யு நிறுவனக் கார்புரேட்டரின் மிதவைக்கிண்ண மூடித் திருகில் ஒரு சிறு உலோகச் சீட்டு தொங்கும். ஏயுடி என்று தொடங்கும் அந்த எண் இருந்தால் நீடில், ஜெட், ஸ்பிரிங் எல்லாம் சரியாக வாங்கலாம். சால்ஸ்பரியில் உள்ள பர்லன் எஸ்யு பாகங்களை இன்றும் புதிதாகத் தயாரிக்கிறது. தேய்ந்த திராட்டில் ஸ்பிண்டில் வழியாகக் காற்று உறிஞ்சினால் எந்த டியூனிங்கும் நிற்காது. ரீபில்டு கிட் வாங்கும்போதே ஸ்பிண்டிலும் சேர்த்து வாங்குங்கள்.

மீட்டர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டரின் முகப்பில் கீழே சிறிய எழுத்தில் ஒரு எண் இருக்கும், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்று. கியர்பாக்ஸோடும் ஆக்ஸிலோடும் அது பொருந்த வேண்டும். முகம் ஒன்றுபோல் இருக்கிறது என்று சந்தையில் வாங்கினால் வேகம் தப்பாகக் காட்டும். பாசிட்டிவ் எர்த் காரின் எலெக்ட்ரிக் ரெவ் கவுண்டரை நெகட்டிவ் எர்த் காரில் அப்படியே மாட்டவும் முடியாது, உள்ளே மாற்ற வேண்டும்.

6. எங்கே தேடுவது

அன்றாடப் பாகங்களுக்குப் பெரிய விற்பனையாளர்களே போதும்: மாஸ், லிங்கனில் உள்ள ரிம்மர் பிரதர்ஸ், எம்ஜி ஓனர்ஸ் கிளப்பின் ஸ்பேர்ஸ் பிரிவு. படத்தோடு கூடிய இவர்களின் கேட்டலாக்கே நல்ல பாடப்புத்தகம். விலை ஒப்பிடும்போது யார் தயாரிப்பு என்று கேளுங்கள். ஒரே பார்ட் நம்பரில் இரண்டு விலை இருந்தால் தயாரிப்பாளர் வேறு.

அரிய சாமானுக்குச் சந்தைதான். பிப்ரவரியில் ஸ்டோன்லியில் எம்ஜி, ட்ரையம்ஃப் ஸ்பேர்ஸ் சந்தை கூடும். ஹாம்ப்ஷயர் பியூலியில் 1967 முதல் செப்டம்பரில் ஆட்டோஜம்பிள் என்ற பழைய பாகச் சந்தை நடக்கிறது. விடியற்காலையில் போங்கள். நல்ல ஸ்விட்ச், விளக்கு, கைப்பிடியெல்லாம் பத்து மணிக்குள் கைமாறிவிடும். பழைய பாகத்தின் படமும் அளவும் கையில் இல்லாமல் போவது வீண்.

கதவுக் கைப்பிடி நல்ல எடுத்துக்காட்டு. 1965 வசந்தம் வரை இழுக்கும் வகை, பிறகு அழுத்தும் வகை. கதவின் உள்ளமைப்பும் மாறியது. இழுக்கும் கைப்பிடி காருக்குச் சந்தையில் முழுக் கதவாகவே கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

எம்ஜிபியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனதால், அங்கே வறண்ட மாநிலங்களில் துரு இல்லாத தகடு கிடைக்கும். 1968 முதல் அமெரிக்கக் கார்களில் டாஷ்போர்டு மெத்தைபோல் வேறு வடிவம், மூன்று வைப்பர், பிரேக்கும் இரட்டைச் சுற்று. தகடு வாங்கலாம், டாஷ் பகுதியை வாங்காதீர்கள்.

பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்கும் எக்ஸ்சேஞ்ச் முறையில் கவனம். ஆம்ஸ்ட்ராங் லீவர் டாம்பர், ஸ்டார்ட்டர் போன்றவற்றில் பழையதைத் திருப்பித் தரும்வரை கூடுதல் தொகை பிடித்து வைப்பார்கள். அது நியாயம்தான். ஆனால் நீங்கள் அனுப்புவது தேதி பொருந்திய காரின் சொந்தச் சாமான், வருவது யாருடையதோ. அதையே பழுது பார்த்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். சில வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

நம்ம ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்பது: அம்பாஸடர் சாமான் ஆகுமா? இரண்டிலும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) தயாரித்த பி-சீரிஸ் வகை எஞ்சின், குடும்பம் ஒன்றுதான். ஆனால் பழைய அம்பாஸடரில் இருந்தது 1489 சிசி, எம்ஜிபியில் 1798. சொந்தக்காரன் என்பதற்காகச் சட்டை அளவு ஒத்துவராது. பார்ட் நம்பர் ஒன்றாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் கட்டிய ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே அடித்தளத்திலிருந்து வந்தவை. முன் சஸ்பென்ஷனில் பொதுவான பாகங்கள் உண்டு, பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

7. பழைய ஸ்டாக் வேண்டாத இடங்கள்

பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்றால் எல்லோருக்கும் ஆசை. கியர், விளக்கு, தகடு, ஸ்விட்ச் என்றால் தாராளமாக வாங்குங்கள். ரப்பர் சேர்ந்த எதையும் வாங்காதீர்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் சீல், டயர் இவற்றில் அசல் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

பெட்ரோல் ஹோஸையும் புதிதாக மாற்றுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் என்றாலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. பழைய வகை ரப்பரை அது அரித்து விரிசல் விடவைக்கும். ஆர்9 தரம் என்று அச்சிட்ட ஹோஸ் கேளுங்கள். எழுத்து ஹோஸின் மேலேயே இருக்க வேண்டும், பெட்டியில் இருந்தால் போதாது.

8. நிறம், தோல், குரோம்

நிறத்தைச் சான்றிதழில் பார்த்த பிறகு அதன் குறியீட்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள். டார்ட்டன் ரெட் ஆர்டி9, ஓல்ட் இங்கிலீஷ் வொயிட் டபிள்யூடி3. பிரிட்டிஷ் ரேஸிங் கிரீன் என்ற ஒரே பெயரில் ஜிஎன்25, ஜிஎன்29 என்று இரண்டு பச்சை உண்டு. பெயரைச் சொல்லி வாங்கினால் வேறு பச்சை வந்து சேரும். டாஷ்போர்டுக்குப் பின்னால், கதவுப் பலகைக்கு உள்ளே வெயில் படாத பழைய பெயின்ட் இருக்கும், அதோடு ஒத்துப்பாருங்கள்.

1960-களின் எம்ஜிபி இருக்கையில் உட்காரும் முகம் மட்டும் தோல், பக்கங்கள் வினைல். முழுத் தோல் செட் விலை அதிகம், அசலும் அல்ல. பைப்பிங் நிறமும் காருக்குக் கார் வேறு என்பதால் பழைய உறையைப் பிரிக்கும்போது ஒரு துண்டு வெட்டி வைத்து அனுப்புங்கள்.

பம்பரைப் பொறுத்தவரை, பழையது நெளியாமல் இருந்தால் அதையே குரோம் போடுங்கள். மலிவான புதியவற்றில் தகடும் மெல்லியது, வளைவும் சரியிருக்காது. மாஸக் எனும் துத்தநாகக் கலவை வார்ப்புகள் மட்டும் விதிவிலக்கு. புள்ளிபுள்ளியாக அரித்துவிட்டால் அவற்றுக்குக் குரோம் போடுவது பெரும்பாடு, புதியதே மேல்.

9. ஆர்டர் வரிசையும் பார்சல் வந்த அன்றைய வேலையும்

வரிசை இது: பாடித் தகடு, எஞ்சின் மற்றும் கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன், வயரிங், பெயின்ட், குரோம், இருக்கை, கடைசியில் ரப்பர் பட்டையும் டயரும். ரப்பர் கடைசி என்பதற்குக் காரணம் அதன் வயது. கார் ஓட இன்னும் இரண்டு வருடம் என்றால் இன்று வாங்கிய டயர் அதுவரை கொட்டகையில் கிழமாகும். இருக்கையை முன்கூட்டி வாங்கினால் அதை எலி கவனித்துக்கொள்ளும்.

சலுகை விலையைப் பார்த்து வரிசை தாண்டி வாங்குபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பொருத்திப் பார்க்கும் நாள் வருவதற்குள் திருப்பித் தரும் கெடு முடிந்திருக்கும்.

பார்சல் வந்த அன்றே பிரித்து, பழைய பாகத்தின் பக்கத்தில் வைத்து, துளை, மரை, நீளம் மூன்றையும் அளந்துவிடுங்கள். தவறாக இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே படத்தில் எடுத்து அனுப்புங்கள், வாக்குவாதம் குறையும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று: 2021 முதல் பிரிட்டனிலிருந்து வரும் பொதிக்குச் சுங்க நடைமுறை உண்டு, திருப்பி அனுப்புவதும் அதே பாடு. சில்லறையாகப் பத்துப் பார்சல் வரவழைக்காமல், ஒரு கட்டத்துக்கு வேண்டியதைச் சேர்த்து ஒரே பார்சலாகக் கேளுங்கள். இன்வாய்ஸில் பாகத்தின் பெயரும் விலையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.